விழுந்த இன்ஜினை மேலே எடுக்காதே

போன மாதம் பிரகாஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற படகு நிறுவனத்தில் இப்போது பராமரிப்புப் பொறுப்பு அவனுடையது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நான் வந்து அரை மணி நேரம் பேச வேண்டுமாம். தண்ணீரில் விழுந்த சாமான்களை அந்தக் காலத்தில் எப்படித் தேடி எடுத்தோம் என்று கேட்டால் அவர்களுக்குச் சுவாரசியமாக இருக்குமாம். கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் கூட்டுரோடு, அங்கிருந்து இன்னொரு பஸ், இறங்கிய பிறகு வெயிலில் ஒரு நடை. என் முழங்கால் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்றேன். "அப்ப எழுதியாவது குடுங்க சார்" என்றான். ரிட்டயர் ஆனவனுக்கு வேலை இல்லை என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இப்போது படகுக்குப் படகு ட்ராக்கர் பொருத்திவிட்டார்களாம். எந்தப் படகு எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று ஆபீஸில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். தண்ணீரில் ஏதாவது விழுந்துவிட்டால் அதன் கணக்கை இன்சூரன்ஸில் முடித்துக்கொள்கிறார்கள். டைவரைக் கூப்பிடுவதே இல்லை. பிரகாஷ் இதைச் சொல்லிவிட்டு நான் வருத்தப்படுவேன் என்று காத்திருந்தான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தத் தண்ணீரில் இனி ஒரு மனிதனும் இறங்க வேண்டாம் என்பது நல்ல சேதிதான். ஆனால் ட்ராக்கர் என்ற சொல்லைக் கேட்டதும் செல்வத்தின் ஞாபகம் வந்து, போனை வைத்த பிறகும் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் படிப்பு பெரிய கதை இல்லை. ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படித்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த இந்த நிறுவனத்தின் ஒர்க்‌ஷாப்பில் உதவியாளாகச் சேர்ந்தேன். தாம்பரத்தில் படகுக்கு ஒர்க்‌ஷாப்பா என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். முதலாளிக்கு அங்கே சொந்த இடம் இருந்தது, அவ்வளவுதான் காரணம். படகுகள் ஓடியது கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து உப்பங்கழியில். பழுதான இன்ஜின்கள் டெம்போவில் ஏறி எங்களிடம் வரும். பீப்பாய்த் தண்ணீரில் ஓட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்புவோம். சில வருஷம் கழித்து என்னைப் படகுத் துறைக்கே மாற்றினார்கள். அதிலிருந்து ஓய்வு பெறும்வரை என் சட்டையில் உப்பு வாசனை போகவில்லை என்று என் மனைவி சொல்வாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

தண்ணீரில் என்னென்ன விழும் என்று கேட்டால், என்ன விழாது என்றுதான் கேட்க வேண்டும். புரொப்பல்லர், நங்கூரம், ஸ்பானர், சுற்றிப்பார்க்க வந்தவர்களின் மூக்குக்கண்ணாடி. சின்னச் சாமான்களுக்கு முதலில் பாதாளக் கரண்டியைப் போட்டு இழுப்போம். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க வீட்டில் வைத்திருப்போமே, அதே கொக்கிகள்தான். எங்களுடையது கொஞ்சம் பெரிது. அதில் சிக்காவிட்டால் இருதயராஜுக்கு ஆள் அனுப்புவோம்.

இருதயராஜ் கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன். சங்கு எடுக்கவும் சிங்கி இறால் பிடிக்கவும் முங்கிப் பழகியவன். கழியில் தண்ணீர் ஆழம் ஒன்றுமில்லை. இரண்டு ஆள் உயரம் இருந்தால் அதிகம். ஆனால் கீழே போனால் ஒன்றும் தெரியாது. கறுப்புச் சேறு. முகத்துக்கு நேரே நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவன் கையுறை போட மாட்டான். கிளிஞ்சலும் பாட்டில் சில்லும் விரலைக் கிழித்தாலும் பரவாயில்லை, கை மூடியிருந்தால் பார்க்க முடியாது என்பான். அவனுக்குக் கை என்றால் கண்.

தேடும் முறை இதுதான். நடுவில் ஒரு நங்கூரம் இறக்கி, மேலே காலி கேன் ஒன்றை மிதக்கவிடுவோம். நங்கூரத்தில் ஒரு கயிறு. கயிற்றில் ஒரு பாகத்துக்கு, அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, ஒரு முடிச்சு. அவன் முதல் முடிச்சைப் பிடித்துக்கொண்டு வட்டமாகத் தரையைத் தடவிக்கொண்டே வருவான். ஒரு வட்டம் முடிந்ததும் அடுத்த முடிச்சு. அவன் இடுப்பில் இன்னொரு கயிறு. அதன் மறுமுனை படகில் என் கையில். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் கிடைத்துவிட்டது. எண்ண முடியாமல் இழுத்தால் ஆளை மேலே தூக்கு. மூச்சுக்கு, பஞ்சர் கடையில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு கம்ப்ரஸரும் நீளமான டியூபும். இதெல்லாம் சட்டப்படியான ஏற்பாடா என்று புதிதாக வந்தவர்கள் கேட்க வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

இருதயராஜிடம் ஒரு கறாரான வழக்கம் உண்டு. சாமானைத் தொலைத்தவன் படகில் வந்து உட்காராமல் அவன் தண்ணீரில் இறங்க மாட்டான். "எங்க உக்காந்துகினு இருந்த? அதே மாரி உக்காரு. மொகம் எந்தப் பக்கம் இருந்துச்சு? கை எங்க?" என்று கேட்பான். தொலைத்தவன் வாய் தப்பாகச் சொன்னாலும் உடம்பு சரியாகத் திரும்பும் என்பது அவன் கணக்கு. பல முறை அது பலித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் மேலே இருந்தவர் ஏகாம்பரம் சார். ஒர்க்‌ஷாப் தலைவர். குன்றத்தூர்க்காரர். கிருத்திகை தவறாமல் மலை ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, விபூதியோடு வேலைக்கு வருவார். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். பத்து வயது சின்னவனான என்னையும் "மோகன், இங்க வாங்க" என்றுதான் கூப்பிடுவார். கத்த மாட்டார். கோபம் வந்தால் போய்க் கை கழுவுவார். அவர் சோப்பை எடுத்தால் நாங்கள் நடுங்குவோம். டைவர் இறங்கும் நாளில் தாம்பரத்திலிருந்து அவரே துறைக்கு வந்துவிடுவார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஸரைச் சுற்றி வந்து, "காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கேட்பார். கம்ப்ரஸர் விடும் புகை காற்றோடு திரும்பி டியூபுக்குள் போனால் கீழே இருக்கும் ஆள் மயங்கிவிடுவான். நான் பதில் சொன்ன பிறகும் ஒரு துண்டுத் துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

அவர் பொய் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஒருமுறை நடுக்கழியில் ஒரு படகு நின்றுவிட்டது. ஓட்டுநர் மேல் பழியைப் போட்டு முடித்திருக்கலாம். முதலாளி எதிரிலேயே, "ஒர்க்‌ஷாப் தப்பு சார். நான் சரியா பார்க்கல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் புலம்பவில்லை. இப்படிப்பட்ட மனிதரோடு வேலை செய்வது பெருமைதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், களைப்பும்தான்.

அவர் எங்களுக்குப் போட்ட முதல் சட்டம், விழுந்த இன்ஜினை அவசரப்பட்டு மேலே எடுக்கக் கூடாது என்பது. கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். உப்புத் தண்ணீருக்குள் கிடக்கிறவரை இன்ஜின் ஓரளவு தாங்கும். வெளியே எடுத்து அதன்மேல் காற்றுப் பட்டதும்தான் துரு பிடித்துத் தின்ன ஆரம்பிக்கும். நல்ல தண்ணீர், எண்ணெய், கழற்றும் சாமான், ஆட்கள் எல்லாம் தயாரான பிறகுதான் மேலே எடுக்க வேண்டும். அதுவரை அதற்குக் கயிறு கட்டித் தண்ணீருக்குள்ளேயே விட்டுவைக்க வேண்டும். துறைக்கு வந்த புதிதில் நான் ஒரு இன்ஜினை வெற்றி வீரன் போலத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் சார் கை கழுவிக்கொண்டிருந்தார்.

இனி செல்வம்.

செல்வம் ரோந்துப் படகு ஓட்டுநர். தண்ணீரில் இருந்தால் பாடிக்கொண்டிருப்பான். கரையில் இருந்தால் எதையாவது பறிகொடுத்தவன் போலத் திரிவான். ஒருநாள் காலை அந்த ரோந்துப் படகு இன்ஜின் இல்லாமல் துறையில் கிடந்தது. முந்தைய நாள் மாலை, கடைசி சவாரி முடிந்ததும் சுற்றிவரப் போனதாகவும், அலையாத்திப் புதருக்கு எதிரே இன்ஜின் கழன்று விழுந்துவிட்டதாகவும், துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்ததாகவும் செல்வம் சொன்னான். படகின் பின்பலகையில் இன்ஜினை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு திருகுகள் தளர்ந்துபோனால் அப்படி நடக்கும். அதற்காகத்தான் பாதுகாப்புச் சங்கிலி ஒன்றும் உண்டு. சங்கிலியை மாட்டவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

அதற்கு முன்பு வேறொரு துறையில் ஒரு ஓட்டுநர் இன்ஜினை விற்றுவிட்டு, விழுந்துவிட்டது என்று கதை சொல்லி மாட்டியிருந்தான். அதனால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி காரில் வந்து இறங்கினார். செல்வத்தை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள இன்ஜின் கிடைக்கலேன்னா போலீஸ் கம்ப்ளெயின்ட். திருட்டு கேஸ்" என்று ஏகாம்பரம் சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். செல்வத்தின் மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திருடன் என்று பெயர் வந்தால் அந்தக் கல்யாணம் நடக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இருதயராஜ் வந்தான். வழக்கப்படி செல்வத்தைப் படகில் உட்கார வைத்தான். செல்வம் சொன்ன இடத்தில் கேனை மிதக்கவிட்டோம். முடிச்சு முடிச்சாக அவன் சுற்றிவர, நான் கயிற்றைப் பிடித்தபடி செல்வத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு தடவைகூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை. கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மதியம்வரை தேடிவிட்டு இருதயராஜ் மேலே வந்தான். கரைக்குப் போனதும் என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னான்.

"அண்ணா, இங்க வுழல. இந்த எடையில ஒரு இன்ஜின் வுழுந்தா சேறு குழி வுட்டிருக்கும். கீழ சேறு அப்புடியே தூங்கிகினு கீது."

"தள்ளி எங்கயாவது விழுந்திருக்குமோ?"

"அந்தாளு உக்காந்துகினு இருக்கறதே சரியில்ல. திரும்பச் சொன்னா ஒரு தபா இந்தப் பக்கம் திரும்பறான், ஒரு தபா அந்தப் பக்கம். பொய் சொல்றான்."

அடுத்த நாளும் தேடினோம். கிழிந்த வலையும் பீர் பாட்டில்களும் வந்தன. செல்வத்தைக் கூப்பிட்டு, "உண்மையச் சொல்லுடா, வித்துட்டியா?" என்று கேட்டேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். "வித்துட்டேன்னே வச்சிக்கோ அண்ணா. வுட்டுடு" என்றான்.  இத்தனை வருஷம் பழகியவன் திருடனா என்று ஒரு பக்கம். திருடன் இப்படியா பேசுவான் என்று இன்னொரு பக்கம்.

அன்று மாலை பஸ்ஸில் டிக்கெட் கவுன்டர் கலா என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். கலா என்பது அவள் பெயர் இல்லை. எழுத அவளிடம் கேட்டபோது, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னாள். மேடவாக்கத்தில் குடியிருந்தாள். கணவன் இறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவனும் எங்களிடம் படகு ஓட்டியவன்தான், செல்வத்தின் சிநேகிதன். பஸ் மெயின் ரோட்டில் ஏறியதும் சொன்னாள்.

"அண்ணா, நீங்க தப்பான இடத்துல தேடறீங்க."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ரோட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். முகத்துவாரத்துல. நானும் படகுல இருந்தேன்."

அவள் சொன்னதை அப்படியே எழுதினால் நீளும். கணவனின் அஸ்தியை அவன் அண்ணன்மார் ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கரைத்துவிட்டார்கள். இவளைக் கூட்டிப் போகவில்லை. பொம்பளை எதற்கு என்றார்களாம். அவர்கள் எடுத்துப் போகும் முன்பு இவள் ஒரு பிடி எடுத்து எவர்சில்வர் டப்பாவில் ஒளித்துவைத்திருந்தாள். கழி கடலில் சேரும் இடத்தில் அலையைப் பார்த்துக்கொண்டே நிற்பது அவனுக்குப் பிடிக்குமாம். அங்கே கரைக்க வேண்டும் என்று செல்வத்திடம் கேட்டாள். வேலை நேரத்துக்குப் பிறகு அனுமதி இல்லாமல் படகை எடுக்கக் கூடாது. பாலத்தைத் தாண்டவே கூடாது. ஊழியர் குடும்பமானாலும் ஆளை ஏற்றக் கூடாது. மூன்றையும் மீறி அவன் கூட்டிப் போனான். அவசரத்தில் சங்கிலியை மாட்டவில்லை. அவள் கரைத்து முடித்த நேரத்தில் ஒரு அலை படகைத் தூக்கிப் போட, இன்ஜின் துள்ளி விழுந்துவிட்டது.

"நாளைக்கு நானே ஏகாம்பரம் சார்கிட்ட சொல்லிடறேன் அண்ணா. செல்வம் அண்ணன்தான் வேணாம்னு கை எடுத்துக் கும்பிடறாரு. எங்க மாமியார் வீட்டுக்குத் தெரிஞ்சா பிள்ளைங்கள என்கிட்ட விட மாட்டாங்க, அதான். ஆனா அவரு பொண்ணு கல்யாணம் என்னால நின்னா நான் சோறு தின்ன முடியுமா?"

"ஒருநாள் பொறும்மா" என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலை ஏகாம்பரம் சாரிடம் போய், நீரோட்டம் இழுத்துப் போயிருக்கலாம், பாலத்துக்கு அந்தப் பக்கமும் பார்க்கிறோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ்வளவு எடையை இந்த நீரோட்டம் இழுக்குமா மோகன்?" என்றார். இழுக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பார்த்துடலாம் சார்" என்றேன். "அங்க இழுப்பு ஜாஸ்தி. ஆளு பத்திரம்" என்று மட்டும் சொன்னார்.

பாலத்தைத் தாண்டியதும் செல்வம் வேறு மனிதனாகிவிட்டான். யாரும் கேட்காமலே தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். லைட் கம்பமும் சவுக்குத் தோப்பின் முனையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும்வரை படகைத் தள்ளச் சொன்னான். "இங்கதான்" என்றான். இருதயராஜ் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இறங்கினான்.

அங்கே சேறு இல்லை, சுத்தமான மணல். தண்ணீரும் தெளிவு. ஆனால் கடல் உள்ளே தள்ளுவதும் கழி வெளியே இழுப்பதுமாக அடியில் ஒரே மல்லுக்கட்டு. கொஞ்ச நேரம் கயிற்றில் ஒரு இழுப்பு, ஒரு இழுப்பு என்று வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. நான் ஒரு இழுப்புக் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடி கொடுத்தேன். டியூப் இறுகி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. செல்வம் சட்டையைக் கழற்றிவிட்டான், குதிக்க.  எவனோ ஒருவனின் இன்ஜினுக்காக இருதயராஜின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒரே நினைப்பு. அப்போது கை எரிகிற மாதிரி கயிறு மூன்று தடவை வெட்டி இழுத்தது.

மேலே வந்தவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினான். டியூப் இன்ஜினிலேயே சுற்றிக்கொண்டதாம். விடுவித்துவிட்டு, இன்ஜினுக்குக் கயிறும் கட்டிவிட்டு வந்திருந்தான். "பாதி மணலு மூடிடுச்சு அண்ணா. இன்னும் ரெண்டு நாளு போயிருந்தா அவ்ளோதான்."

செல்வம் அழுதான். எனக்குச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் நின்றது. இன்ஜின் கிடைத்துவிட்டது, அதனால் அவன் திருடன் இல்லை. ஆனால் முகத்துவாரத்தில் கிடைத்தது என்றால், படகு அங்கே ஏன் போனது, யாரோடு போனது என்று அடுத்த கேள்வி வரும். அவன் வேலையும் போகும், கலாவின் பிள்ளைகளும் போவார்கள். இதை நான் சொல்லிக்கொண்டிருக்க, இருதயராஜ் காதில் புகுந்த தண்ணீரைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"மேல எடுத்தாதான அண்ணா எங்க எடுத்தம்னு கேப்பாங்க? எடுக்கவே வேணாம். அடியிலயே கூட்டிகினு போலாம்."

ஏகாம்பரம் சாரின் சட்டமே அதுதானே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் ஏறி உள்ளே தள்ளும் நேரத்துக்காகக் காத்திருந்தோம். இன்ஜினைத் தரையிலிருந்து கிளப்பி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே படகின் பக்கவாட்டில் தொங்கவிட்டோம். பட்டப்பகலில், பாலத்துக்குக் கீழே, சுற்றுலா வந்தவர்கள் கையசைக்கப் பதிலுக்குக் கையசைத்துக்கொண்டு மெதுவாக வந்தோம். துறையில் ஏகாம்பரம் சார் செருப்பில்லாமல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதாளக் கரண்டியை இழுத்துக்கொண்டு வருகிறோம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அலையாத்திப் புதருக்கு எதிரே வந்ததும் கயிற்றைத் தளர்த்தி, இருதயராஜ் கூடவே இறங்கி, அதைச் சேற்றில் படுக்கவைத்துவிட்டு வந்தான். அப்புறம் மூன்று இழுப்பு இழுத்தான். நான் துறையைப் பார்த்து, "கிடைச்சிடுச்சு சார்" என்று கத்தினேன். இதை எழுதுவது மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

"அப்படியே இருக்கட்டும். நாளைக்கு எடுப்போம்" என்றார் சார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேடவாக்கத்திலிருந்து அவர் ஒரு தண்ணி லாரி வரவழைத்திருந்தார். எண்ணெய், ஸ்பானர், பழைய துணி எல்லாம் வரிசையாக வைத்திருந்தது. அதிகாரியும் வந்துவிட்டார். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு நாள் தேடியும் கிடைக்காதது மூன்றாம் நாள் அதே இடத்தில் எப்படிக் கிடைக்கும் என்று என்னைக் குடைந்தார். சேற்றில் புதைந்திருந்தது என்றேன். இன்ஜினைத் தூக்கித் துறைப் பலகைமேல் வைத்தோம். வெளியெல்லாம் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்து குனிந்தார்.

ஏகாம்பரம் சார் மேல்மூடியைக் கழற்றினார்.

உள்ளே மஞ்சள் மணல். கடல் மணல், பொடிப்பொடியான சிப்பிகளோடு, இடுக்கெல்லாம் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அந்தக் கழியில் துறைப்பக்கம் எங்கே தோண்டினாலும் ஒரு பிடி மணல் கிடைக்காது என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் மணலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் கைகட்டி நின்ற செல்வத்தைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். 

மேல்மூடியைப் பாதி மூடியபடி வைத்துக்கொண்டு, லாரி ஆளிடமிருந்து ஹோஸை அவரே வாங்கினார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் அதிகாரியிடம். "சேறு. சட்டையில தெறிக்கும்."

அதிகாரி காரை நோக்கிப் பின்வாங்கினார். சார் தண்ணீரைத் திறந்துவிட்டார். மணல் கரைந்து பலகை இடுக்குகள் வழியாகக் கழிக்குள் போய்க்கொண்டே இருந்தது.  நம்பர் பிளேட்டைத் துடைத்துக் காட்டினார். அதிகாரி அதைச் சரிபார்த்துவிட்டு, "ஓகே மிஸ்டர் ஏகாம்பரம், கம்ப்ளெயின்ட் வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் மெயின் ரோட்டில் திரும்பும்வரை சார் காத்திருந்தார். பிறகு இன்ஜினின் மூலையில் விரலை விட்டு, மிச்சமிருந்த மணலை வழித்து எடுத்தார். ஒரு பிடி இருந்தது. செல்வத்தைக் கூப்பிட்டு அவன் உள்ளங்கையில் அதை வைத்து மூடினார். எங்கே என்று கேட்கவில்லை. ஏன், யாரோடு என்றும் கேட்கவில்லை. அஸ்தி விஷயம் அவருக்கு அப்போது மட்டுமல்ல, கடைசிவரை தெரியாது.

"இது எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க. நடந்தே போங்க. இனிமே நீங்க படகுல ஏற வேண்டாம். திங்கட்கிழமை தாம்பரம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துடுங்க."

செல்வம் மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, துறையை விட்டு இறங்கிப் பாலத்துப் பக்கமாக வெயிலில் நடக்க ஆரம்பித்தான். டிக்கெட் கவுன்டரில் கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கலா டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, எழுந்து நின்று, அவன் போகும் திசையைப் பார்த்துக் கை கூப்பினாள்.